பதினேழாம் எண் தகடு

போன மாதம் நானும் மனைவி மலரும் ஏரிக்குப் போயிருந்தோம். இருபத்திரண்டு வருடம் சம்பளத்துக்குப் படகோட்டிய அந்த ஏரியில் முதல் தடவையாக ரிக்கெற் எடுத்துப் பயணியாக உட்கார்ந்தேன். படகோட்டி மேகன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் வேலைக்குச் சேர்ந்தவள், கெட்டிக்காரி. அவள் திருப்பும் இடத்திலெல்லாம் என் கையும் மடியில் இருந்தபடியே சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தது. மலர் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

இறங்குதுறைக்குத் திரும்பி வந்தபோது பார்த்தேன், வந்து சேர்ந்தவர்கள் தங்கள் எண் தகட்டை மாட்டும் பலகை சுவரில் இல்லை. அந்த இடத்தில் கோப்பி விலைப்பட்டியல் தொங்கியது. இப்போது எல்லாம் போனில்தானாம். ரிக்கெற்றும் போனில் வருகிறது. திரும்பி வந்ததும் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அமத்தினால் போதும். அதற்குக் கீழே இன்னொரு பொத்தான்: 'எங்கள் குழுவில் எல்லோரும் வந்துவிட்டோம்.' நான் அதைத்தான் அமத்தினேன். ரிக்கெற் இரண்டும் என் போனில்தானே இருந்தன. பச்சை வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தால், மலர் இன்னும் படகுக்குள் குனிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு எனக்கும் சேர்த்து அமத்தினீங்கள்?" என்றாள், விஷயம் தெரிந்ததும். பகிடியாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

மேகன் அதைக் கவனித்துவிட்டு என்னவென்று கேட்டாள். பாதிக் கதையைச் சொன்னேன். "சிவா, இதை முழுதாக எழுதித் தா. கோடைக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்" என்றாள். நான் ஆங்கிலத்தில் எழுதினால் அது விபத்து அறிக்கை மாதிரித்தான் வரும். மகள் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

மெல்பேணில் இருந்து இரண்டரை மணித்தியாலக் கார் ஓட்டம். சுற்றிவர மலை, மலைகளுக்கு நடுவே கைவிரல்களை விரித்த மாதிரிப் பல கிளைகளாக ஓடும் ஏரி. ஒரு கரையில் மரக் குடில்கள், வாடகைக்கு விடும் வீட்டுப் படகுகள், ஒரு கோப்பிக் கடை, எங்கள் இறங்குதுறை. எதிர்க் கரையில் படகில் மட்டும் போகக்கூடிய சின்னக் குடா ஒன்று. குடாவுக்குப் பின்னால் விசிறி போல இலை விரிக்கும் பன்னை மரங்கள் அடர்ந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அதற்குள்ளிருந்து ஓர் ஓடை வரும். அந்த நாளில் குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கைத் தங்கள் பாஷையில் 'கிளென்' என்று கூப்பிட்டதால் எங்களுக்கும் அது கிளென்தான். விளம்பரத் தாளில் 'ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஏரிகளின் அழகு, உங்கள் வாசலில்' என்று போட்டிருக்கும்.

அதை வாசிக்கும்போதெல்லாம் அலஸ்டெருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்தான் படகுப் பகுதிக்குப் பொறுப்பாளர், என் மேலாளர். உண்மையான ஸ்கொட்லாந்து மலைநாட்டுக்காரர். அவருடைய தகப்பன் அங்கே ஒரு 'லொக்'கில், அதாவது அவர்களுடைய ஏரியில், தபால் படகு ஓட்டியவர். "லொக் என்றால் பனிப்பாறை தோண்டி வைத்தது. இது எஞ்சினியர்மார் அடைத்து வைத்தது" என்பார். உண்மைதான், எங்களுடையது அணைக்கட்டு ஏரி. தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்கள் நடு ஏரியில் இன்னமும் மொட்டையாக நிற்கின்றன. ஆனால் தண்ணீர் குறைந்த இலையுதிர்காலப் பின்னேரங்களில் அவர் கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்போது எஞ்சினியர்மாரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.

நான் அங்கே போனது வீட்டுப் படகு கழுவ. டண்டினோங்கில் வேலை செய்த பக்டரி மூடியபோது ஒரு நண்பன் சொல்லிப் போனேன். மூன்று வருடம் கழுவினேன், எஞ்சின் வேலை பழகினேன், படகோட்டி லைசென்ஸ் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டு மூன்றாம் தரம் தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது தகடுகளைப் பற்றி.

மரப் பலகையில் நாற்பது கொக்கிகள், நாற்பது பித்தளைத் தகடுகள். பிஸ்கற் அளவு இருக்கும், ஒவ்வொன்றிலும் எண் அடித்திருக்கும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகடு. அலஸ்டெர் அதைக் கொடுக்கிற விதமே தனி. தகட்டை நீட்டுவார், ஆனால் விட மாட்டார். வாங்குகிறவர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விரலை எடுப்பார். எதிர்க் கரையில் திரும்ப ஏறும்போது ஒவ்வொருவரும் தன் தகட்டைப் படகோட்டிக்குக் காட்ட வேண்டும். இங்கே வந்து இறங்கியதும் தன் கையாலேயே பலகையில் மாட்ட வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து மாட்ட வைப்பார். கைக்குழந்தை என்றால் அதன் விரலைத் தகட்டில் தொட வைத்துவிட்டு, பிறகு தாய் மாட்டலாம்.

சிலர் சிரிப்பார்கள். சிலர் கோபிப்பார்கள். விலை உயர்ந்த கோட்டுப் போட்ட ஒருவர், "என் குடும்பத்துத் தகடுகளை நான் சேர்த்துத் தந்தால் என்ன?" என்று ஒருநாள் சத்தம் போட்டார். அலஸ்டெர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் பதில் சொல்லாமல் கண்ணாடி துடைத்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். அந்த மனிதர் கடைசியில் தன் ஐந்து பேரையும் வரிசையில் விட்டார். "தகட்டை ஆளின் கையிலிருந்துதான் வாங்க வேண்டும், சிவா. வேறு கையிலிருந்து வந்தால் அது வெறும் பித்தளை" என்று எனக்குச் சொன்னார். பதினோரு வருடம் நான் அந்த விதியைத் தவறவிட்டதில்லை.

தவறவிட்டது எங்கள் ஆட்கள் வந்த அன்று.

மே மாதம், இந்த நாட்டில் குளிர் தொடங்கும் காலம். மெல்பேணில் இருந்து எங்கள் முதியோர் சங்கம் ஒன்று பஸ் பிடித்து வந்தது, இருபத்திரண்டு பேர். விடிய வெள்ளென த பேசின் என்ற ஊர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டவர்கள், நெற்றியில் திருநீறு அழியாமல் வந்து இறங்கினார்கள். செயலாளர் பொன்னம்பலம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அதிபராக இருந்தவர். எழுபது வயது, நிமிர்ந்த முதுகு, கையில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாச் சரி. ஒரு தமிழன் படகோட்டி என்று கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் தோளில் தட்டினார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அத்தனை வருடமும் அந்த ஏரியில் என்னை யாரும் தமிழில் 'தம்பி' என்று கூப்பிட்டதில்லை.

பாதுகாப்பு விளக்கத்தை அன்று தமிழில் சொன்னேன். மிதவை அங்கியை எப்படிப் போடுவது, எங்கே பிடித்து ஏறுவது. பிறகு கடைசிப் பகுதி: "ஆராவது எதிர்க் கரையில தனிச்சுப் போனா, நடக்க வெளிக்கிடாதையுங்கோ. அங்க ஒரு செம்மஞ்சள் கம்பம் நிக்கும். அதுக்குப் பக்கத்திலையே இருங்கோ. கத்திக் களைக்காதையுங்கோ, எதையாவது எடுத்து மூண்டு தரம் தட்டுங்கோ, பொறுத்து திருப்பித் தட்டுங்கோ." யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வடை சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரேயொரு பெண் மட்டும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் மனைவி லீலாவதி அக்கா. அவருக்குக் கொடுத்த தகடு பதினேழு. அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினார். வாங்கியதும் மாஸ்டர் கையை நீட்டினார், அக்கா கொடுத்துவிட்டார். மற்றவர்களும் கொடுத்தார்கள். மாஸ்டர் இருபத்திரண்டையும் தன் தோள்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தார்.

"ஒவ்வொருத்தரும் தன்ர தகட்டைத் தானே வச்சிருக்க வேணும், மாஸ்டர்" என்றேன்.

"தம்பி, இதுகள் வயசுபோன சனம். எங்கையாவது விழுத்திப்போடுங்கள். இந்தக் குளிருக்குள்ள லைனில நிக்க வச்சு ஒண்டொண்டா மாட்டுறதும் பாவமெல்லே? நான் சேர்த்துத் தாறன். இது என்ர பொறுப்பு."

அலஸ்டெர் அந்த நேரம் எரிபொருள் கொட்டகையில் நின்றார். என்னால் கண்ணாடி துடைக்க முடியவில்லை. அதிபராக இருந்த மனிதர், என்னைத் தம்பி என்றவர், அத்தனை பேருக்கு முன்னால் அவருக்கு மறுத்துச் சொல்ல என் நாக்கு எழவில்லை. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரனுக்கு இருந்த விதி எங்கள் மாஸ்டருக்கு இல்லாமல் போனது. "சரி மாஸ்டர்" என்றேன்.

படகு சின்னது, இரண்டு தவணையாகக் கொண்டுபோய் விட்டேன். குடாவில் புளிச்சாதம் சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு மலையிலிருந்து புகார், அதாவது மூடுபனி, இறங்கத் தொடங்கியதும் திரும்பச் சொன்னேன். "முதல்ல பொம்பிளையளைக் கொண்டுபோங்கோ, குளிருது" என்றார் மாஸ்டர். பெண்கள் முதல் தவணை, ஆண்கள் இரண்டாம் தவணை. யார் கையிலும் காட்டத் தகடு இல்லை. தலையையாவது எண்ணியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எண்ணினேன், பாரம் கூடிவிடக்கூடாது என்பதற்காக மட்டும். பாரம் குறைவாக இருந்தது. அதில் எனக்குத் திருப்தியும் இருந்தது.

இறங்குதுறையில் மாஸ்டர் தோள்பையைத் திறந்து இருபத்திரண்டு தகடுகளையும் மேசையில் அடுக்கிவைத்தார். நானே எல்லாவற்றையும் மாட்டினேன். பலகை நிறைந்து பளபளத்தது.

எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துப் பஸ்ஸில் ஏறினார்கள். நான் படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பட்டியலோடு பஸ் வாசலில் நின்று சரி போட்டார். பிறகு அவருடைய குரல் கேட்டது. "லீலா எங்க?"

"உங்களோட வாறா எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்" என்றார் ஒரு பெண்மணி.

மாஸ்டர் இறங்கி, கோப்பிக் கடை, கழிப்பறை எல்லாம் போய்ப் பார்த்தார். பிறகு நேரே பலகைக்கு முன்னால் வந்து நின்றார். பதினேழாம் எண்ணைச் சுட்டிக்காட்டி என்னிடம், "தகடு இருக்கே தம்பி. இந்தா, இருக்கே!" என்றார். அந்த நீட்டிய விரல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் அலஸ்டெரைக் கூப்பிட்டேன்.

அலஸ்டெர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பதினேழை யார் கையிலிருந்து வாங்கினாய்?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அலஸ்டெரும் பார்த்தார். பலகையிலிருந்து பதினேழைக் கழற்றித் தன் மேற்சட்டைப் பைக்குள் போட்டார். முதலில் பொலிசுக்கும் அம்புலன்சுக்கும் போன். அடுத்தது கம்பளிப் போர்வைகள், பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், பெரிய வெளிச்சம். ஓடவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. நான்கு மணி தாண்டிவிட்டது. அந்தக் குளிரில், வெறும் சேலையும் காலுறையும் செருப்புமாக ஒரு அறுபத்தைந்து வயதுப் பெண். தண்ணீர்க் கரையில் கால் சறுக்கினால் எத்தனை நிமிடம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏரி முழுவதும் புகார். படகின் முன் முனை தெரியவில்லை. சாதாரணமாகப் பன்னிரண்டு நிமிட ஓட்டம். அன்று நடக்கிற வேகத்துக்கு மேல் போக முடியாது, செத்த மரம் ஒன்றில் மோதினால் நாங்களும் தண்ணீருக்குள்தான். நான் சுக்கானில், அலஸ்டெர் முன்னால் அந்தப் பெரிய வெளிச்சத்தோடு. அவர் கையை உயர்த்தினால் எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். நிற்பாட்டி, ஒரு நிமிடம் காது கொடுப்போம். தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும். திரும்பவும் ஸ்டார்ட். இப்படி ஏழோ எட்டோ தடவை.

"கூப்பிடு. உங்கள் பாஷையில் கூப்பிடு" என்றார்.

"அக்கா! லீலாக்கா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் பயந்த இடங்கள் பல உண்டு. அவற்றிலெல்லாம் யாரோ செய்த பிழைக்கு நான் பயந்தேன். அன்று நான் செய்த பிழைக்கு இன்னொருவர் பயந்துகொண்டிருந்தார். அது வேறு.

பிறகு அலஸ்டெரின் கை உயர்ந்தது. எஞ்சினை நிற்பாட்டினேன்.

டங், டங், டங். இடைவெளி. மறுபடி டங், டங், டங்.

எவர்சில்வர் சத்தம். அந்தச் சத்தத்தை எங்கள் வீடுகளில் குசினியில்தான் கேட்டிருக்கிறேன். அலஸ்டெர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாப்பாட்டுப் பெட்டி மூடி" என்றேன், அழுகையும் சிரிப்புமாக. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கரையை அணைந்தோம்.

செம்மஞ்சள் கம்பத்தில் முதுகைச் சாய்த்து அக்கா இருந்தார். சேலைத் தலைப்பால் தலையை மூடி, கால்களைச் சாப்பாட்டுப் பைக்குள் விட்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூடியால் கம்பத்தை அடிப்பதை நாங்கள் தொடும் வரைக்கும் நிற்பாட்டவில்லை. போர்வையைச் சுற்றிச் சுடுதண்ணீர் கொடுத்த பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் சொன்னனீங்கள்தானே தம்பி, கம்பத்தை விட்டு அசையாதையுங்கோ எண்டு" என்றார்.

"எங்க அக்கா போனனீங்கள்?"

"அந்த ஓடை எங்க இருந்து வருது எண்டு பாக்கப் போனனான். அந்தப் பன்னைமரத்துக்குள்ளால கொஞ்சத் தூரம்தான். சொன்னால் விடமாட்டார். அதால சொல்லேல்லை." சுடுதண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சரியான வடிவு தம்பி" என்றார். பற்கள் கிடுகிடுத்தன.

படகு பாதி வழி வந்தபோது அவர் கேட்டார். "நான் இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியாமல் போச்சுது? எல்லாருக்கும் தகடு தந்தனீங்களே."

மழுப்பியிருக்கலாம். ஆனால் அலஸ்டெர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அந்த முதுகுக்குப் பின்னால் பொய் வரவில்லை. "உங்கட தகடு உங்களுக்கு முதல் வந்திட்டுது அக்கா. வேற கையில இருந்து நான் வாங்கினது. என்ர பிழை" என்றேன். அக்கா யாருடைய கை என்று கேட்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அறிக்கையில் நான் எல்லாவற்றையும் எழுதினேன். மாஸ்டர் கேட்டார் என்று எழுதவில்லை, நான் விட்டேன் என்று எழுதினேன். ஒரு கோடை முழுவதும் என்னைப் படகில் ஏற்றவில்லை, திரும்பவும் வீட்டுப் படகு கழுவினேன். அந்தக் கோடை முடிந்ததும் அலஸ்டெர் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார், நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும் வரை விரலை எடுக்காமல்.

மேகன், இவ்வளவும் அறிக்கையில் உண்டு, அலுவலகத்தில் தேடினால் கிடைக்கும். அறிக்கையில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது இறங்குதுறையில் பஸ் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் நின்றார், ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடிப்போயிருந்தது. அம்புலன்ஸ்காரர்கள் அக்காவைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அலஸ்டெர் பையிலிருந்து பதினேழாம் தகட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

மாஸ்டர் கையை நீட்டினார்.

அவர் கெட்ட மனிதரல்ல. கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் பழக்கத்தில் நீண்டுவிட்டது. அக்காவின் பாஸ்போட்டுக்கும் வங்கி அட்டைக்கும் மருந்துச் சீட்டுக்கும் எத்தனையோ வருடமாக நீண்ட அதே கை. அலஸ்டெர் தகட்டை விடவில்லை. என்ன செய்வது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அக்கா அந்த நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஐயாவுக்குச் சொல்லுங்கோ," என்றார், "என்ர தகட்டை என்ர கையில தரச் சொல்லி."

நான் மொழிபெயர்த்தேன். அலஸ்டெர் நீட்டினார். அக்கா நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்து வாங்கினார். அம்புலன்ஸ் கட்டிலில் ஏறச் சொன்னவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு ஒவ்வொரு அடியாக நடந்துபோய், விறைத்த விரல்களால் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் கொக்கியில் மாட்டினார்.

"இப்ப வந்திட்டன்" என்றார்.